கண்ணின் வெள்ளை

இன்ஸ்பெக்டர் ஐயா, உங்கட மேசையில கிடக்கிற தாள் வெள்ளை இல்லை, பழுப்பு. பக்கத்தில வேற வெள்ளை இல்லாதபடியால் வெள்ளை எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறியள். சனத்தின்ர கண் அவ்வளவுதான்.

கிளிநொச்சியில ஸ்ரூடியோ வச்ச நாளில இருந்து இந்தக் கண்களோடதான் மாரடிக்கிறன். திரையில நிறம் பொருத்த ரெண்டு வழி இருக்கு. பழுப்புத் தாளைப் பழுப்பாவே காட்டலாம். இல்லாட்டி, ஒரு இடத்தைத் தொட்டு 'இதுதான் வெள்ளை' எண்டு மெசினுக்குச் சொன்னால், மிச்ச நிறம் எல்லாத்தையும் அது அதுக்கேற்ற மாதிரி மாத்திவிடும். சனத்துக்கு ரெண்டாவதுதான் வேணும். நான் முதலாவது ஆள்.

வட்டக்கச்சிப் பிரேமிளாவின்ர கலியாண அல்பத்தையும் உள்ளபடிதான் அடிச்சுக் குடுத்தன். கடை நிறைஞ்ச சனத்துக்கு முன்னால அதை மேசையில எறிஞ்சுபோட்டு, "என்ன அண்ணை, உங்கட கண்ணில செங்கமாரியோ, எல்லாம் மஞ்சளாக் கிடக்கு?" எண்டு கேட்டா. எல்லாரும் சிரிச்சவை. திருப்பி வெள்ளையாக்கிக் குடுத்தனான். அந்தச் சிரிப்பு இண்டைக்கும் எனக்கு எரியுது, அதை நான் மறைக்கேல்லை.

போன மாசியில அவா பிள்ளை பெத்தவா. வீட்டை வந்த பிறகு பிள்ளை மஞ்சளா இருக்கோ எண்டு சந்தேகம். பிள்ளை பெத்த துடக்காம், முப்பத்தொராம் நாள் கழியாமல் பிள்ளையை வாசல் தாண்ட விடமாட்டன் எண்டு மாமிக்காரி நிண்டவா. வவுனியாவில நேர்ஸா இருக்கிற தமக்கை ராஜினி, "போன் படத்தில நிறம் பிடிபடேல்லை. நல்ல கமெராவால எடுத்து அனுப்பு, மஞ்சள் எண்டால் நான் மாமியோட கதைச்சு உடன ஆஸ்பத்திரிக்கு ஏத்துவிக்கிறன்" எண்டிருக்கிறா. என்னைக் கூப்பிட்டவை. கலியாணத்தில வேண்டாம் எண்ட உண்மை நிறம் இப்ப தேவைப்பட்டிட்டுது.

போனன். பிள்ளை பால் குடியாமல் சோர்ந்து கிடந்தது. கண்ணே மஞ்சள். கமெராவும் அதைத்தான் பிடிச்சது.

"அண்ணை, நிறம் மாறாமல் அனுப்புங்கோ. உங்களைத்தான் நம்பியிருக்கிறன்" எண்டு பிரேமிளா சொன்னா.

கடைக்கு வந்து, பிள்ளையின்ர கண்ணில வெள்ளை இருக்கவேண்டிய இடத்தைத் தொட்டு, இதுதான் வெள்ளை எண்டு மெசினுக்குச் சொன்னன். மஞ்சள் முழுக்கப் போச்சு. சுத்தியிருந்த வெள்ளைத் துவாய் நீலமாப் போனதால படத்தில அதைக் கழுத்தோட வெட்டிவிட்டன். பால்மா விளம்பரத்தில வாற பிள்ளை மாதிரி இருந்தது. ராஜினி பாத்திட்டு, "நல்ல நிறம், பயப்படாதை" எண்டு தங்கச்சிக்குச் சொல்லியிருக்கிறா. வலிப்பு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினவை. பிள்ளை தங்கேல்லை.

அவா வழமையாக் கேக்கிறதைத்தான் நான் குடுத்தனான்.

சுவரில மாட்டப் பிள்ளையின்ர படத்தைப் பெரிசாக்கித் தரச் சொன்னவை. முதல் பிடிச்சதை ஒண்டும் மாத்தாமல் அடிச்சுக் குடுத்தன். ராஜினி அதைக் கண்டிட்டுத்தான் உங்களிட்ட வந்தவா. கண்டுபிடிப்பா எண்டு தெரியும். எண்டாலும் பிழையான நிறத்தில ஒரு படத்தை என்ர கடையால வெளியில விட எனக்கு மனம் வராது.

பிரேமிளா அந்தப் படத்தைக் கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டவா. இந்தமுறை நிறம் சரியில்லை எண்டு சொல்லேல்லை.