அஞ்சு லிட்டர் அண்ணன்

மனைவி: ஏங்க, பாத்து. நட்டு டப்பாவ எத்திட்டீங்க.

கணவர்: நடக்கற வழில இத யாரு வெச்சது?

மெக்கானிக்: காலைலேருந்து உங்க இடது பக்கத்துலதாண்ணே இருக்கு.

கணவர்: சரி சரி, பொறுக்கிக்க... டேங்க்கயே கழட்டுற அளவுக்கு என்ன வந்துச்சு இப்ப? இருபத்தி மூணு வருஷ வண்டி. மேட்டுல திணறத்தான் செய்யும்.

மனைவி: திணறல. நின்னுச்சு. தண்ணித் தொட்டி மேட்டுல நடு ரோட்டுல நின்னு, பின்னாடி வந்த பஸ்ஸுக்காரன் நம்ம குடும்பத்துல ஒருத்தர விடாம விசாரிச்சான்.

கணவர்: அதான் சொல்றேன், நாளைக்கு நாமளும் பஸ்ஸுலயே...

மனைவி: போறதுக்கு பஸ். வர்றதுக்கு? நாளைக்குக் காலைல மலை மேல இருக்கற ஆஸ்பத்திரில நம்ம பொண்ணுக்கு ஆபரேஷன் பண்ணி குழந்தைய எடுக்கறாங்க. மாப்பிள்ளை கப்பல்ல இருக்காரு. வயித்துல தையலோட, பச்சப் புள்ளையக் கையில வெச்சுகிட்டு அவ மூணு பஸ் மாறணுமா?

கணவர்: வாடகைக் கார் ஒண்ணு சொல்லி...

மனைவி: வீட்டுல கார் இருக்கு. அது மலையேறும். ஏத்தாம விடமாட்டேன். தம்பி, அந்த பாட்டில அவருகிட்ட காட்டு.

மெக்கானிக்: இதப் பாருங்கண்ணே. டேங்க் அடியிலேருந்து புடிச்சது. மேல இருக்கறது பெட்ரோல். கீழ தனியா நிக்குது பாருங்க, அது தண்ணி. அதுக்கும் அடியில செவப்பா... துரு.

கணவர்: பங்க்குல தண்ணி கலந்துருப்பான்.

மெக்கானிக்: அவங்க மேல பழி போடாதீங்க. டேங்க் காலியாக் கிடந்தா உள்ள முழுக்க காத்துதான். குளுந்துச்சுன்னா அந்தக் காத்துல இருக்கற ஈரம் தகரத்துல வேர்த்து அடில எறங்கும். அப்புறம் துரு புடிக்காம என்ன பண்ணும்?

கணவர்: பழைய வண்டின்னா துரு இல்லாமயா?

மெக்கானிக்: இருக்கும். டேங்க் நெறஞ்சிருந்தா அது பாட்டுக்கு அடில கிடக்கும். நீங்க ஓட்டறது கடைசிச் சொட்டுல. மேட்டுல ஏறினா இருக்கற பெட்ரோலும் ஒரு பக்கமா ஒதுங்கிடும். குழாய் சேத்த உறிஞ்சும், இல்லன்னா வெறுங்காத்த உறிஞ்சும். ஃபில்டர் பாருங்க, களிமண்ணு மாதிரி.

மனைவி: கேட்டீங்களா? வயசு இல்ல. பட்டினி போட்டிருக்கீங்க.

கணவர்: பெட்ரோல் போடாமலா ஓட்டினேன்?

மெக்கானிக்: போட்டீங்கண்ணே. ஒவ்வொரு தடவையும் அஞ்சு லிட்டர். பங்க்குல உங்களுக்கு ஒரு பேரே இருக்கு...

மனைவி: தம்பி, வேணாம்.

மெக்கானிக்: அஞ்சு லிட்டர் அண்ணன்.

கணவர்: நெறைய ஊத்தினா வண்டிக்கு பாரம்.

மனைவி: இருபத்தி ரெண்டு வருஷம் இல்லாத பாரம், இந்த எட்டு மாசமா வந்துருச்சா?

கணவர்: உனக்கு என்ன தெரியும் வண்டியப் பத்தி?

மனைவி: ஒண்ணும் தெரியாது. தம்பி, அடுத்து என்ன?

மெக்கானிக்: துரு உதிர்றதுக்கு இந்தச் சங்கிலியையும் சோப்புத் தண்ணியையும் டேங்க்குள்ள போட்டு ஆட்டணும். அண்ணே, ஒரு பக்கம் புடிக்கறீங்களா?

மனைவி: நான் புடிக்கறேன். ம்... ஆட்டு.

கணவர்: காது போயிடும் போலிருக்கே.

மனைவி: போகட்டும். கொட்டு தம்பி, பாப்போம்... இன்னும் செவப்பாத்தான் வருது. மறுபடி.

கணவர்: ஆறு தடவ ஆச்சும்மா. போதும், விடு.

மனைவி: தெளியற வரைக்கும் விடப் போறதில்ல... ஏழு... ம், இப்ப பாருங்க. குடிக்கலாம் போல இருக்கு.

மெக்கானிக்: குடிச்சுடாதீங்கக்கா. ரெண்டு மணி நேரம் வெயில்ல காயட்டும். சொட்டு ஈரம் இருந்தாலும் பட்டதெல்லாம் வீண். அதுவரைக்கும் இந்த இடது பக்கக் கதவத் தட்டிடவாண்ணே? மூணு கீறல், ஒரு பள்ளம்.

கணவர்: யாரோ உரசிட்டுப் போயிட்டான்.

மெக்கானிக்: உங்க கேட்டோட பெயிண்ட்டு ஒட்டியிருக்கே...

கணவர்: உனக்கு வாய் ஜாஸ்தி.

மெக்கானிக்: சரிண்ணே. அக்கா, காஞ்சதும் புது ஃபில்டரோட மாட்டிடறேன். நாளைக்கு நாலாவது வளைவுல மட்டும் ரெண்டாம் கியர விட்டுடாதீங்க, அங்க நீங்க எப்பவும்...

மனைவி: தம்பி. ஃபில்டரப் பாரு.

கணவர்: அவகிட்ட எதுக்குச் சொல்ற? ஓட்டப் போறது நான்.

மெக்கானிக்: ... ஆமாண்ணே. நீங்கதான்.

மனைவி: ரெண்டு மணி நேரம் ஆச்சே தம்பி, டேங்க்கத் தொட்டுப் பாரேன்... காஞ்சிருச்சா?

மெக்கானிக்: நல்லா சுடுதுக்கா. மாட்டிடலாம்.

மனைவி: மாட்டினதும் நான் வாங்கி வெச்சிருக்கற நாலு கேன் பெட்ரோலையும் ஊத்து. கழுத்து வரைக்கும்.

கணவர்: எதுக்கு அவ்வளவு? அஞ்சு லிட்டர்...

மனைவி: அந்தப் பேச்சே இனிமே கூடாது. ஊத்து தம்பி.

மெக்கானிக்: ... ஆச்சு. சாவியத் திருப்புங்கண்ணே, பெட்ரோல் முள்ளு எங்க நிக்குதுன்னு பாப்போம்.

கணவர்: உச்சில நிக்குது.

மனைவி: எத்தனை நாளாச்சு அத அங்க பாத்து. ஸ்டார்ட் பண்ணுங்க... சாவி மேல கைய வெச்சுகிட்டு என்ன யோசனை?

மெக்கானிக்: நான்... கையக் கழுவிட்டு வந்துடறேன்கா.

கணவர்: முள்ளு அடில கிடந்தா... யாரும் தூரமாப் போலாம்னு கேக்க மாட்டாங்க.

மனைவி: ம்.

கணவர்: பெட்ரோல் இல்லன்னு சொல்லிட்டா, இத சொல்ல வேண்டியதில்ல பாரு. இடது கண்ணு... எட்டு மாசமா அந்தப் பக்கம் எனக்கு ஒண்ணுமே தெரியல. டாக்டர் இனிமே ஓட்ட வேணாம்னுட்டாரு. நான்தான் கேக்காம, மார்க்கெட்டு வரைக்கும் மெதுவா ஓட்டிகிட்டு இருந்தேன். ஆனா மலையில, பொண்ணையும் குழந்தையையும் உக்கார வெச்சு... எனக்கு பயமா இருக்கு.

மனைவி: ம்.

கணவர்: என்ன, ம்? திட்டிடேன். இத்தனையும் கழுவி, ரொப்பி... இப்ப யாரு ஓட்டறது?

மனைவி: கண் ஆஸ்பத்திரிச் சீட்டு உங்க சட்டைப் பையிலதான் இருந்துச்சு, துவைக்கறப்ப பாத்தேன். அன்னைலேருந்து தெருவுல உங்க இடது பக்கமாவே நடக்கறேன், நீங்க சாவிய எடுத்தா நானும் ஏறி உக்காந்துக்கறேன், அதுகூட உங்களுக்குத் தெரியல. புடுங்கிக்க மனசு வரல, நீங்களாக் குடுக்கணும்னு காத்துகிட்டு இருந்தேன். எறங்கி அந்தப் பக்கம் வாங்க. சாயந்தரம் ஆனா நடக்கப் போறேன்னு போவேனே, அதெல்லாம் இந்த மெக்கானிக் தம்பியோட வண்டில அந்த மலைக்கு ஓட்டிப் பழகத்தான். லைசென்ஸ் வாங்கி ஒரு மாசம் ஆகுது.