சர்க்கரை உண்டா என்று சலியாது கேட்ட மருத்துவர் மீனாம்பாள் அவர்களுக்கு

கேள்விக் கணைகளால் கிளினிக்கைக் கலங்கடித்த கோமகளே! பொறுமையின் சிகரமே என்று தங்களை விளிக்கத்தான் ஆசை. ஆனால் பொறுமை தேவைப்பட்டது எங்களுக்கல்லவா! சென்னையில் கற்று, லண்டனில் தேர்ந்து, மெல்பேர்ணின் இந்த மகப்பேற்று மனையில் பத்தாண்டுக்கு மேல் பணியாற்றி, இந்த 1979இல் ஓய்வுபெறும் மருத்துவர் மீனாம்பாள் அம்மையீர்! அதிகாரிகள் ஆங்கில மடலை வாசித்து முடித்துவிட்டார்கள். அதில் தங்கள் குறை ஒன்றுகூட இல்லை. ஆகவே தமிழறிந்த ஊழியர் நாங்கள் மூவரும் உண்மையை எழுத வேண்டியதாயிற்று.

ஒரு பெண் உள்ளே வந்து அமருமுன்னே அவள் அம்மாவுக்கு எத்தனை பிள்ளை, அக்காவுக்கு மாதவிலக்கு ஒழுங்கா, சித்திக்கு முகத்தில் உரோமம் உண்டா என்று குலத்தையே விசாரிப்பீர்கள். வரிசை வாசல்வரை நீளும். தாதி யோகா வீட்டுக்குப் போகும் கிளென் வேவர்லி ரயிலைத் தவறவிடாத வெள்ளிக்கிழமை உண்டா? சூலகத்து நீர்க்கட்டியும் நீரிழிவும் ஒரே குடும்பத்தில் கூடித் திரிகின்றன என்று தாங்கள் ஐயுற்றபோது பெரிய மருத்துவர்கள் சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை, எங்களுக்குப் பசித்தது.

எங்கள் வாயை அடைத்தவர் விமலாதேவி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தவர். சூலகம் நிறையக் கட்டிகள். இரண்டு கருவை இழந்தவர். தாங்கள் தந்த மாத்திரையால் மூன்றாவது தங்கியது. இதுவும் போய்விட்டால் இனித் தாங்காது என்று, வயிற்றிலிருந்து கையை எடுக்காமலே அவர் வந்து போவார்.

வந்தபோதெல்லாம் தாங்கள் கேட்டீர்கள்: "உங்க வீட்ல சர்க்கரை உண்டாம்மா?"

அவர் தலையை ஆட்டுவார். "இல்லை டொக்டர்."

அவர் ஊரில் சர்க்கரை என்றால் பொங்கலுக்குப் போடும் வெல்லம். தேநீருக்குப் போடுவது சீனி. இந்த அம்மா ஏன் விடாமல் சர்க்கரை கேட்கிறார் என்று விமலாதேவிக்கு விளங்கவில்லை. பாவம், சென்னைக்காரி, ஆசையாக்கும் என்று மனமிரங்கினார். ஊரிலிருந்து வரவிருந்த ஒருவரிடம் சொல்லி வைத்து, ஐந்தாம் மாதம் ஒரு பொதியோடு வந்தார்.

"ஒவ்வொருமுறையும் கேக்கிறியள். இப்பதான் கிடைச்சது. நல்ல சர்க்கரை டொக்டர்."

யோகா சிரிப்பை அடக்க வெளியே ஓடினார். தாங்கள் சிரிக்கவில்லை. பொதியைப் பிடித்தபடி கதிரையில் அமர்ந்துவிட்டீர்கள்.

"நான் கேட்டது வியாதிம்மா. நீரிழிவு."

"சலரோகமோ? அது அம்மாவுக்கிருக்கு. மாமாமாருக்கும். பெரியக்காவுக்குப் பிள்ளை வயித்தில இருக்கேக்க வந்தது." அதன்பிறகுதான் விமலாதேவியின் முகம் மாறியது. "அதாலயோ டொக்டர் மற்றதுகள் போனது?"

"தெரியலைம்மா. இதைப் போகவிடமாட்டேன்."

மறுநாட் காலை வெறும் வயிற்றில் குளுக்கோஸ் நீர் குடிக்கவைத்து, ஆய்வுகூடத்துக் கேதீஸ்வரனை இரத்தத்தோடு விரட்டினீர்கள். சர்க்கரை ஏறியிருந்தது. அன்றிலிருந்து விமலாதேவியின் சோறு அளவானது, இன்சுலின் ஊசி அன்றாடமானது, தங்கள் தொல்லையோ அளவற்றதானது. மகள் பிறந்து வீரிட்டபோது, இத்தனை மாதம் திட்டிய எங்களுக்கே கண் நிறைந்தது.

அதோடு அடங்கினீர்களா? அதே கேள்வியைச் சர்க்கரை, சீனி, நீரிழிவு, சலரோகம் என்று எல்லாச் சொல்லிலும் கேட்கத் தொடங்கினீர்கள். வரிசை வாசலையும் தாண்டியது. விமலாதேவியின் மகள் பெரியவளானதும் அவளையும் கேட்கவேண்டும் என்று எங்களுக்குக் கட்டளை வேறு!

ஒன்று சொல்லிவிடுகிறோம். கடந்த வெள்ளி தாங்கள் விடுப்பில். தமிழறியாத புதிய மருத்துவர், நம்மவரான ஒரு பெண்ணிடம் குடும்பத்தில் நீரிழிவு உண்டா என்று வரவேற்பு மேசைக் கல்யாணி மூலம் கேட்டார். அந்தப் பெண் இல்லையென்று எழுந்துவிட்டார். கல்யாணி விடவில்லை.

"உக்காரும்மா. சர்க்கரை வியாதி? சீனி வருத்தம்? சலரோகம்?"

"ஓம், ஓம், அப்பாவுக்கு!"

நீடு வாழ்க, தாயே! நோயின்றி, கேட்கக் கேள்வியும் பதில் சொல்ல ஆளும் குறையாது வாழ்க! அந்த வெள்ளியும் யோகா ரயிலைத் தவறவிட்டார். திட்டுவதற்குத்தான் தாங்கள் இல்லை.

சலித்தும் பிரிய மனமின்றி,
யோகா, கேதீஸ்வரன், கல்யாணி