சார்ஜன்ட் அப்சலம் டக்கின் மூன்று கோடுகள்

மேடையில் நாற்காலி கிடைத்த பெரியவர்களுக்கும், நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் பழைய குதிரைப்படைக்காரர்களுக்கும் என் வணக்கம். நிற்பவர்களுக்கு முதலில்.

என் பெயர் ஐஷம் க்ரோல். கெல்லம் கோட்டையில் இருபத்திரண்டு வருடம் குதிரைகளுக்கு லாடம் அடித்தவன். எழுத்து அறியாதவன், ஆகவே கையில் காகிதம் இல்லை.

சற்று முன் கர்னல் ப்ரூயிட் இந்தக் கோட்டையின் வரலாற்றை வாசித்தார். கிணறு வெட்டிய வருடம் இருந்தது. ஜெனரல் வந்து அணிவகுப்பைப் பார்த்து மெச்சிய நாள் இருந்தது. அதற்குப் பதினோராம் நாள் எங்கே போயிற்று, கர்னல்?

அன்று நீங்கள் கேப்டன். ஜெனரலின் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டுமென்று குதிரைகளை நிறம் பிரித்தீர்கள். பழுப்பெல்லாம் ஒரு அணி, கறுப்பெல்லாம் ஒரு அணி, வெள்ளையெல்லாம் ஒரு அணி. நான்கு வருடம் தன் ரொட்டியில் பாதியைக் கொடுத்துப் பழக்கிய குதிரையை ஒவ்வொருவனும் ஒரே காலையில் இழந்தான்.

சார்ஜன்ட் அப்சலம் டக் இருந்தது பழுப்பு அணி. அவருடைய டில்லியோ வெள்ளைக் குதிரை. முந்தின மாலை என் உலைக்கு வந்தார்.

"அண்ணே, காப்பி மண்டி எவ்வளவு இருக்கு?"

"குடிக்கவா?"

"எனக்கில்ல, டில்லிக்கு. உலைக்கரியும் கொஞ்சம் குடுங்க."

இருவரும் சேர்ந்து டில்லியின் வெள்ளை மறையப் பூசினோம். காலையில் கேப்டன் அதன் கழுத்தைத் தட்டிக் கொடுத்தார்.

"நல்ல பழுப்பா இருக்கே, சார்ஜன்ட்."

"ஆமாங்க சார். நேத்துலேர்ந்து நல்ல பழுப்பு."

வரிசை முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. சிரித்திருந்தால் சார்ஜன்ட் தொலைந்தார்.

பதினோராம் நாள் முப்பது பேர் கணவாய்க்குப் போனோம். மேட்டிலிருந்து அந்த இடத்துக்காரர்கள் சுட்டார்கள். அவர்கள் மண், அவர்கள் சுட்டார்கள். அந்தக் கணக்கை அவர்கள் வீட்டுக் கூட்டத்தில் பேசிக்கொள்ளட்டும். நம் கணக்கு வேறு. முதல் வெடிக்கே குதிரைகள் முதுகில் இருந்த புது ஆளை உதறிவிட்டு ஓடின. ஆறு பேர் அங்கேயே கிடந்தார்கள். அவர்களைக் கொன்றது குண்டு மட்டுமா?

டில்லி மட்டும் நின்றது. ஏனென்றால் முதுகில் இருந்தது அதன் ஆள். காயம்பட்ட ஒருவனைச் சேணத்தில் குறுக்கே போட்டு, இன்னொருவன் கையில் அதன் வாலைக் கொடுத்து, ஆற்றைக் கடந்து கொண்டுவந்தார் சார்ஜன்ட். வாலைப் பிடித்து வந்தவன் நான்.

கோட்டை வாசலில் நுழையும்போது, ஆற்றில் பூச்சு கரைந்து டில்லிக்கு வயிறு வரை வெள்ளை. கேப்டன் ஓடி வந்தார். சேணத்தில் கிடந்தவனைப் பார்க்கவில்லை. என் காலிலிருந்து ஒழுகிய ரத்தத்தைப் பார்க்கவில்லை.

"இது என்னய்யா நிறம்?" என்றார்.

கர்னல், நீங்கள் எழுந்து போகலாம். கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் நான் முடிப்பேன்.

மறுநாள் விசாரணை. கரி யார் கொடுத்தது என்று என்னைக் கேட்டார்கள். "தெரியாதுங்க சார்" என்றேன். அந்தச் சொல்லுக்காக என்னையும் நீங்கள் வெறுக்கலாம். நான் வெறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். சார்ஜன்ட் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. எல்லோர் முன்னிலும் அவர் சட்டைக்கையிலிருந்து சார்ஜன்ட் பதவிக்கான மூன்று கோட்டுப் பட்டைகளையும் கிழித்தார்கள். டில்லியை வெள்ளை அணிக்குக் கொடுத்தார்கள். அதன்பின் ஒன்பது வருடம் சாதாரணச் சிப்பாயாக, அதே லாயத்தில், அதே குதிரைக்கு வேறொருவன் சேணம் பூட்டுவதைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தார் அப்சலம் டக்.

நாளை அவர் கல்லறையில் கல் நடுகிறார்கள். சிப்பாய் என்றுதான் வெட்ட வேண்டுமாம். ஆவணம் அப்படிச் சொல்கிறதாம். இதே கர்னல் இங்கே, "விசுவாசமான வீரர்" என்று கைக்குட்டையை எடுத்தார். அந்தக் கைக்குட்டையை மடித்து வையுங்கள், ஐயா. அது நனையவே இல்லை.

சுவரோரம் நிற்பவர்களே, அன்றைக்கும் இப்படித்தான் வாய் மூடி நின்றோம். நாளை நின்றால் போதாது, என்னோடு வாருங்கள்.

கல்லில் அவர்கள் சொல்வதை அவர்கள் வெட்டிக்கொள்ளட்டும். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் உளி பிடிக்கத் தெரியும், மூன்று கோடு இழுக்கத் தெரியும். அழித்தால் மறுபடி இழுப்பேன். என் கை நின்றுபோனால் உளியை உங்களில் ஒருவர் எடுங்கள்.

ஆழமாக இழுப்போம். இது ஆற்றில் கரையாது.