பதினொரு பேரும் நிறுத்திய இடம்

குண்டூசி விழுந்தாலும் நிமிர்ந்து பார்க்கிற எங்கள் நூலகர் அம்மா அவர்களே, இந்த அவையின் தலைமையே! நூல் ஆலையில் உழைத்து உழைத்து உள்ளங்கை ரேகையைத் தேய்த்துக்கொண்ட பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடேயே வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! உள்ளே வரலாமா வேண்டாமா என்று வாசலில் நிற்பவர்களே! உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

சிரிக்கிறீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். இன்னும் சற்று நேரத்தில் முடியாது.

நான் பட்டம் பெற்றவள் அல்லள். உலை கொதிக்கும் நேரத்தில் பத்திரிகை படித்துத் தமிழைப் பிடித்துக்கொண்டவள். கடவுளைக் கும்பிடாமல் கதவைத் திறக்காதவள். எதையும் தேதி போட்டு எழுதாவிட்டால் உறக்கம் வராதவள். "இவ தும்மினாக்கூட நோட்டுல ஏத்திடுவா" என்பார் என் வீட்டுக்காரர். அந்த நோட்டுதான் ஐயா, என்னைத் தலைகுப்புறத் தள்ளியது!

நாற்பத்தோராண்டுகளுக்கு முன்னால், ஆலைக் குடியிருப்பில் இருந்தவர்களுக்கு வாக்கு இல்லை. உழைக்க ஆள் வேண்டும். ஓட்டுக்கு ஆள் வேண்டாம்! "லைன் வீடெல்லாம் வீடில்லை, உங்களுக்கு முகவரி கிடையாது" என்றது அலுவலகம். முகவரி இல்லாத வீட்டிலா பிள்ளை பெற்றார்கள்? முகவரி இல்லாத வீட்டிலா முப்பது ஆண்டு மூச்சு விட்டார்கள்? பட்டியலில் பெயர் சேர்க்கக் கடைசி நாள் மாலை ஐந்து மணி. முந்நூறு பேர் மனுவோடு ஆலை முற்றத்தில் கூடினார்கள். வெளியே போக விடாமல் கேட் பூட்டப்பட்டது. ஐந்து மணி கடந்தது. காவலர்கள் வந்தார்கள். தடி பேசியது.

இந்த நினைவுகளைக் கைப்பேசியில் பதிவுசெய்து நூலகத்துக்குக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பதினொரு பேரிடம் போனேன். அழகாகப் பேசினார்கள். மனு எழுதிய பேனாவின் நிறம்வரை சொன்னார்கள். ஆனால் ஓரிடம் வந்ததும், "போதும்மா, அணைச்சிடு" என்றார்கள். நானும் மரியாதை தெரிந்தவளாயிற்றே! மறுபேச்சில்லாமல் அணைத்துவிட்டு, எந்தச் சொல்லோடு நிறுத்தினார்கள் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

சென்ற மாதம் ஒரு மதியம் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பதினொரு வரிகள். மேலிருந்து கீழே விரலை ஓட்டினேன். விரல் நின்றுவிட்டது. பதினொரு பேரும் நிறுத்தியது ஒரே இடத்தில்! "கேட்டைப் பூட்டிட்டாங்க." அதோடு சரி. பூட்டியது யார்? பதினொரு வாயில் ஒரு வாயாவது சொன்னதா?

நேரே தையல்கடைக்குப் போனேன். அன்றைய அடியில் ஒரு காதைப் பறிகொடுத்த நம் தையற்கார அக்கா இருக்கிறாரே, அந்தப் பதினொருவரில் ஒருவர், அவரிடம்.

"இந்தப் பக்கம் வந்து பேசு. அந்தக் காது அன்னிக்கே கடையைச் சாத்திடுச்சு" என்றார்.

"அக்கா, கேட்டைப் பூட்டினது யாரு?"

தையல் இயந்திரம் நின்றது. "போனை அணை."

"இன்னிக்கு அணைக்க மாட்டேன்க்கா."

"அப்ப கேட்டுக்கோ. உங்கப்பா."

தாய்மார்களே! என் அப்பா ஆலைக் காவலாளி என்று தெரியும். ஆனால், "அந்த வாரம் எனக்கு ராத்திரி டியூட்டி, பகல்ல தூங்கிட்டேன்" என்றுதானே ஏழு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தேன்!

"எல்லாருக்கும் தெரியுமாக்கா?"

"உன்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும். அடுத்த வருஷம் உனக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைச்சதே நான்தான். அளவெடுக்கும்போது சொல்லியிருக்கணுமா? சின்னப் புள்ளை என்ன பண்ணும்னு விட்டோம். நீ வளர்ந்து, நீயே வந்து போனை நீட்டுவேன்னு எவ கண்டா?"

அடி வாங்கியவர்கள் நீங்கள். அடி விழக் காரணமானவர் மகளின் முகம் வாடக்கூடாது என்று வாயைப் பூட்டிக்கொண்டதும் நீங்களா? எத்தனை நாள் உங்கள் வீட்டில் தண்ணீர் குடித்தேன்! எத்தனை முறை "எங்கப்பாவும் ஆலைக்காரர்தான்" என்று பெருமை பேசினேன்! எப்படிப் பொறுத்தீர்கள்?

வீட்டுக்கு வந்தேன். அப்பா செய்தித்தாள் மடித்துக்கொண்டிருந்தார். கைப்பேசியை எதிரில் வைத்தேன்.

"அப்பா, அன்னிக்கு ராத்திரி டியூட்டியா, பகல் டியூட்டியா?"

"இது ஓடுதா?"

"ஓடுது."

மடித்த செய்தித்தாளை விரித்தார், மறுபடி மடித்தார். முன்பெல்லாம் அணைத்திருப்பேன். அன்று அணைக்கவில்லை.

"பகல்" என்றார். "மேனேஜர் பூட்டுன்னார், பூட்டினேன். அஞ்சு மணிக்குத் திறந்துடுன்னார். நான் அஞ்சரை வரைக்கும் திறக்கலை. எல்லாரும் என் மேல பாய்வாங்கன்னு பயம். போலீஸ் சின்னக் கதவு வழியா உள்ளே வந்தது அதுக்குள்ளதான். அந்த அரை மணி மேனேஜரோடது இல்லம்மா, என்னோடது."

ஐயா, ஆணையிட்டவனைக் காட்டித் தப்பியிருக்கலாமே! அந்த அரை மணியை யார் கேட்டார்கள்?

"இதைக் கொடுக்கலாமாப்பா?" என்றேன். "முதல்ல அந்தத் தையல்காரம்மா கேக்கட்டும். அவங்க சொல்றதுதான்" என்றார். என் அண்ணன் தொலைபேசியில் கத்தினான்: "பெத்தவரை மேடையேத்தி அடிக்கிறியாடி!" நான் என்ன செய்வேன்? ஒரு கண்ணில் பெற்றவர், மறு கண்ணில் அக்கா. எதை மூடிக்கொண்டு கடவுள் முன் நிற்பேன்?

கொண்டுபோனேன். அக்கா நல்ல காதில் வைத்துக் கேட்டார். முடிந்ததும், "அரை மணியா?" என்றார். "நான் மயங்கிக் கிடந்தேன். எவ்வளவு நேரம்னு இன்னிக்குத்தான் தெரியுது." பிறகு சொன்னார்: "கொடு. ஆனா நான் மன்னிச்சுட்டேன்னு எழுதிடாதே. கேட்டேன்னு மட்டும் எழுது."

அப்படியே எழுதியிருக்கிறேன் அக்கா. ஒரு சொல் கூட்டவில்லை.

வேண்டாம், கை தட்டாதீர்கள். மூன்றாவது வரிசையில் என் அப்பா உட்கார்ந்திருக்கிறார். முதல் வரிசையில் அக்கா. இருவருக்கும் நடுவே இருப்பது கைதட்டலால் நிரம்புகிற இடம் அல்ல.

தலைவர் அவர்களே, என் அப்பா பேசிய பன்னிரண்டாவது பதிவை உங்களிடம் ஒப்படைக்கிறேன். மற்ற பதினொன்றைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அவை என்மேல் இரக்கப்பட்டுப் பேசியவை. நாளை காலை பத்து மணிக்கு வாசக அறையில் காத்திருப்பேன். பதினொரு பேரும் மறுபடி வர வேண்டும். முதல் கேள்வியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: "கேட்டை என் அப்பா பூட்டினார். அதற்கப்புறம் என்ன நடந்தது?"

இத்தனை காலம் என்னைக் காப்பாற்றியவர்களுக்கும், இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்துக் கேட்டவர்களுக்கும் தலைதாழ்த்தி நன்றி சொல்லி விடைபெறுகிறேன். வணக்கம்.