வாய்விட்டுச் சொல்லுங்க ஆன்ட்டி

வேதவல்லி: ...அப்ப நான் மனசுல தோணுறதையெல்லாம் சொல்லிட்டே இருக்கணும், நீ குறுக்கே பேசவே மாட்டே?

ரக்ஷிதா: பேசக் கூடாது ஆன்ட்டி. எங்க வேலைல அதான் ரூல். போன்ல இந்த ஆப்பைப் பார்த்துட்டே வாய்விட்டுச் சொல்லுங்க. அப்படியே பதிவாகும்.

வேதவல்லி: கல்யாணம் ஆனதுலேருந்து நான் பேசறதை இப்படி ஒருத்தர் கேட்டதில்ல.

வெங்கடராமன்: ஹால்ல உட்கார்ந்து நான் கேட்டுட்டுத்தானே இருக்கேன்.

வேதவல்லி: நீங்க டிவியைப் பாருங்க.

வெங்கடராமன்: ரக்ஷிதா, அலாரம் வைக்கவே என்னைக் கூப்பிடுவா இவ. மாடி வரைக்கும் ஏறி வந்து இவகிட்டயா கபடி ஆப்பைக் குடுக்கிறே?

ரக்ஷிதா: அதான் வேணும் அங்கிள். லீக் ஆப்பைத் தொட்டே பார்க்காதவங்க. டிக்கெட் பட்டனை நான் மேலே கொண்டுவந்திருக்கேன், எங்க மேனேஜர் ராகேஷ் சார் ஒத்துக்கல. புதுசா ஒருத்தர் தானா டிக்கெட் எடுத்துக் காட்டினா என் டிசைன் வெளியே போகும். இல்லேன்னா... மூணு மாச வேலை, குப்பை.

வேதவல்லி: பாவம். குடு. இது உன் சொந்த போனாச்சே?

ரக்ஷிதா: ஆபீஸ் போன்ல சார்ஜ் இல்ல. ரெக்கார்டு போட்டாச்சு. சனிக்கிழமை மேட்சுக்கு ஒரு டிக்கெட் எடுங்க.

வேதவல்லி: சரி. சிவப்பா ஒரு படம். தொடையைத் தட்டிட்டு நம்ம கேப்டன். பாவம், முட்டி சரியாகி இப்பதான் ஆட வந்திருக்கான்...

ரக்ஷிதா: முட்டி விஷயம் உங்களுக்கு எப்படி...

வேதவல்லி: குறுக்கே பேச மாட்டேன்னியே. முட்டில பட்டை கட்டியிருக்கான், எனக்குக் கண்ணு இல்லையா? அப்புறம்... பாயிண்ட், படம், பேட்டி... டிக்கெட்டைக் காணோமே. கீழதானே இருந்தது.

ரக்ஷிதா: இருந்ததா?

வேதவல்லி: இருக்கும்னு நினைச்சேன். எல்லா ஆப்லயும் கீழதானே வைக்கிறாங்க. ...ஹவ், ஆமா, மேலே இருக்கு. மஞ்சளா, கல்யாண வீட்டு வாசல் மாதிரி. இதை விட்டுட்டுக் கீழே தேடினேன் பாரு.

ரக்ஷிதா: ம்.

வேதவல்லி: நீ சிரிக்கிறே. ரூல்ல சிரிக்கலாமா?

ரக்ஷிதா: சிரிக்கல ஆன்ட்டி. மேல சொல்லுங்க.

வேதவல்லி: பக்கத்துலேயே 'என் டிக்கெட்'னு இன்னொண்ணு.

ரக்ஷிதா: அது... அது வேண்டாம்...

வேதவல்லி: தோணுறதையெல்லாம் சொல்லணும்னியே. சனிக்கிழமை. ரெண்டு சீட். பி பிளாக், ஆறாவது வரிசை... ஆறாவதா?

ரக்ஷிதா: ஐயோ, என் கணக்குலேருந்து வெளியே வராமலேயே குடுத்துட்டேனா? போனைக் குடுங்க ஆன்ட்டி.

வேதவல்லி: நக்கோ, தர மாட்டேன். இப்பதான் நிறையத் தோணுது. ஒரு சீட் ரக்ஷிதா. இன்னொண்ணு அபிநவ். எந்த அபிநவ்? போலாரம் பஜார் முனைல உன்னை இறக்கிவிட்டு, ஹெல்மெட்டைக் கழட்டாமயே ஓடிப் போவானே, அவனா?

ரக்ஷிதா: ஹெல்மெட் போட்டிருந்தா ஆள் எப்படித் தெரியும்...

வேதவல்லி: ஆள் தெரியாது. கிளிப்பச்சை ஸ்கூட்டர் தெரியுதே. சனிக்கிழமை உனக்கு ஆபீஸ்னு உங்கம்மா சொன்னா.

ரக்ஷிதா: ரெக்கார்டு ஓடிட்டிருக்கு ஆன்ட்டி...

வேதவல்லி: ஓடட்டும். ராகேஷ் சார் கேட்கட்டும். அன்னைக்கு ஆபீஸ் உண்டா இல்லையான்னு அவரே சொல்லட்டும்.

ரக்ஷிதா: அவர்கிட்ட... அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு லீவு வாங்கியிருக்கேன்.

வேதவல்லி: உங்கம்மா வித்யாலட்சுமிக்கா? காலைலகூடக் கீரைக்காரனைத் தெரு முனை வரைக்கும் துரத்திட்டுப் போய் சண்டை போட்டாளே.

ரக்ஷிதா: ...அதுவும் பதிவாயிடுச்சு.

வெங்கடராமன்: என்னம்மா, டிக்கெட் கண்டுபிடிச்சாளா?

ரக்ஷிதா: கண்டுபிடிச்சாங்க அங்கிள். கேட்காததையும் சேர்த்து.

வெங்கடராமன்: அதிசயம்தான். வேதா, சனிக்கிழமை லாலாகுடா பஜனைக்கு நானே கொண்டு விடறேன். மழை வர்ற மாதிரி இருக்கு.

வேதவல்லி: வேண்டாம், வேண்டாம். கூட வர்ற ஜலஜா ஆட்டோ சொல்லியிருக்கா. நீங்க நியூஸைப் பாருங்க.

ரக்ஷிதா: ஆன்ட்டி... அம்மாகிட்ட...

வேதவல்லி: சொல்லுவேனா? என்னைப் பத்தி இந்தத் தெருல என்ன நினைச்சுட்டிருக்கீங்க?

ரக்ஷிதா: அதை விடுங்க. இந்த ரெக்கார்டை அனுப்ப முடியாது, அழிச்சாச்சு. ஆபீஸ் போன் சார்ஜ் ஏறினதும் முதல்லேருந்து பண்ணலாமா? ஆனா... இந்த ஆப்பை வாழ்க்கைல முதல் தடவை பார்க்கிற மாதிரி நடிக்கணும். உங்களால முடியுமா?

வேதவல்லி: மெதுவாப் பேசு, டிவில விளம்பரம் ஓடுது, அவர் காதுல விழும். இவ்வளவு நேரம் நான் வேற என்ன பண்ணிட்டிருந்தேன்? ...சனிக்கிழமை மட்டும் தயவுசெஞ்சு பின்னாடி திரும்பிப் பார்க்காதே. ஏழாவது வரிசைல நானும் ஜலஜாவும் இருப்போம்.