வெளியே போகாத லாரி

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர். ஒருவர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரிகளுக்கு எடை போடுகிறவர். மற்றவர் அங்கே கம்ப்யூட்டர் சர்வரைப் பழுது பார்க்க வந்தவர்.

"தெனம் சர்வர் படுத்துடுதே, என்னதான் சார் காரணம்?"

"ஒரே ஒரு லாரிங்க. உள்ள வந்த எடை இருக்கு, வெளிய போன எடை இல்ல. அது போற வரைக்கும் எடை மேடையில விழுற எல்லா எடையையும் டேட்டாபேஸ் மெமரில ஏத்திக்கிட்டே இருக்கு. மெமரி ரொம்பி செத்துடுது."

"எந்த லாரி?"

நம்பரைச் சொன்னார். எடை போடுகிறவர் அவர் பக்கம் திரும்பினார்.

"அது சுரங்கக் குழித் தண்ணியில வுழுந்த வண்டி சார். டிரைவரோட பொணத்த மட்டும்தான் எடுத்தோம். வண்டி இன்னும் உள்ளதான் கெடக்கு."

"எனக்குத் தெரியாதுங்க. மதியம் சாப்பாட்டு நேரத்துல, அந்த லாரி வெளிய போயிட்டதா கணக்க முடிச்சுட்டேன்."

"கம்ப்யூட்டர்ல எடைய நாமளா கையால போட முடியாதே?"

"மேடை காட்டுனததான் எடுத்துக்கிச்சு."

"அப்ப கேட் பூட்டியிருந்துச்சே சார். மேடை காலியாத்தான கெடந்துச்சு? எவ்ளோ காட்டுச்சு?"

"லாரி உள்ள வந்த எடைதான். அறுபது கிலோ மட்டும் கம்மி."

"டிரைவர் ஒல்லியான ஆளு சார்" என்றார் எடை போடுகிறவர்.