கை தூக்க முடியாத கோட்டு

இல்லங்க, நான் சொல்றதைக் கேளுங்க. பட்டாளத்துக்குத் தெரிஞ்சது மூணே மூணு உடம்புதான். பெருசு, சிறுசு, நடுவாந்தரம். மூணுலயும் அடங்காம உங்களைப் பெத்துப் போட்டிருக்காங்க, அதுக்கு இந்த உடுப்புக் கிடங்கு என்ன பண்ணும்?

உட்காருங்க. அந்த மூட்டை மேலயே உட்காருங்க, கால்சட்டைதான், கசங்கினா கசங்கட்டும். நெடி அடிக்குதா? அந்துருண்டைங்க. அதைப் போடலேன்னா கம்பளி பூரா பொத்தலாயிடும். அப்புறம் எதிரி வேற வந்து தனியா சுடணுமா?

புது ஆளுங்க வரிசையா வந்து நின்னா நாடா வெச்சு அளக்கவா முடியும்? ஒரு பார்வை, ஒரு கோட்டு, அடுத்த ஆள். வாசலைத் தாண்டினதும் அவங்களே ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்குவாங்க. அப்படியும் சரியா வரலேன்னா தையக்காரர் இருக்கார். பட்டாளமே இப்படித்தான் உடுத்துது. நீங்க ஒருத்தர்தான் ஒவ்வொரு தடவையும் இங்க வந்து நிக்கிறீங்க.

தெரியும், தெரியும். கொம்பு ஊதுறவருக்குக் கை நல்லா மேல போகணும். மொதக் கோட்டு முழங்கையைத் தாண்டவே யோசிச்சுது. ரெண்டாவதுல இன்னொருத்தரைக் குடி வெக்கலாம். போன வாரம் கொடுத்தது சுமாரா இருந்துச்சே, அதுக்கு என்ன வந்துச்சு? அக்குள் பிரிஞ்சுபோச்சா? கொடுங்க பார்ப்போம்.

ம்.

ஏங்க, நானும் எங்க அண்ணியும் நாள் பூரா கிழிஞ்சதைத் தைக்கிறவங்க. தானா பிரிஞ்ச தையல்னா நூல் இழுபட்டுப் பிசிறு பிசிறா நிக்கும். இது வழவழன்னு இருக்கு. கத்தி வெச்சு அறுத்தது. எதிரி வந்து அக்குளை மட்டும் அறுத்துட்டுப் போனானா?

என்னங்க, வாய்க்குள்ளயே முணுமுணுக்கிறீங்க? கொம்பு ஊதறப்போ மட்டும் ஊரே கேக்குது.

அட, தலையைத் தூக்குங்க. அண்ணி அப்பவே சொன்னாங்க, அந்த ஆளு கோட்டுக்காக வரலைடீன்னு. நான்தான், சேச்சே, அவருக்கு உடம்பு வாகு அப்படின்னு உங்களுக்காக வாதாடிட்டு இருந்தேன்.

நாளைக்குக் காலையில உங்க படை மலைக்குக் கிளம்புதாமே. வண்டிக்காரர் சொன்னார். அங்க குளிர் எலும்பைக் குடையும். இந்தாங்க, இதைப் போடுங்க. பொத்தானைப் பூட்டுங்க. இப்போ கையைத் தூக்குங்க, கொம்பு ஊதற மாதிரி. இன்னும் மேல. பிடிக்குதா?

ஐயோ, நான் கோட்டைத்தாங்க கேட்டேன்.

இத்தனை நாள் இது எங்க இருந்துச்சா? இதோ, இந்த மேல்தட்டுலதான். மொத நாள் நீங்க வரிசையில நின்னப்பவே உங்களுக்குன்னு எடுத்துத் தனியா வெச்சுட்டேன். அன்னிக்கே கொடுத்திருந்தா அப்புறம் எதுக்கு இந்தப் பக்கம் வரப் போறீங்க?

சரி, கிளம்புங்க, தேடுவாங்க. சண்டை முடிஞ்சதும் கோட்டைத் திருப்பிக் கொடுக்கணும், அது சட்டம். வேற யார்கிட்டயாவது கொடுத்தனுப்பினா நான் வாங்க மாட்டேன்.